52 வயது டர்னர் போய்விட்டார், 25 வயதுப் பையன் இருக்கிறான்: வயசுக்கும் கம்பெனிப் பற்றுக்கும் என்ன சம்பந்தம்?

நொய்யல்காரன் (கோவை)

எங்களுடையது மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி. ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது, பஞ்சாயத்து பேசுவது எல்லாம் என் தலையில். போன மாதம் லேத் ஓட்டும் சீனியர் டர்னர் ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். 52 வயது. பெரிய முதலாளி காலத்தில் அப்ரண்டிஸாக வந்தவர், 26 வருஷ சர்வீஸ். போன இடம் ஒன்றும் பெரிய இடமில்லை. ஆவாரம்பாளையத்தில் நாலு லேத் போட்டிருக்கும் ஒரு பட்டறை. சம்பளம் ஏறக்குறைய அதேதான்.

அதே சமயம் சிஎன்சி என்ற கம்ப்யூட்டர் மெஷின் ஓட்டும் 25 வயது ஆபரேட்டர் ஒருவனை வெளியே கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டும் அவன் போகவில்லை. கேட்டால், "இங்கே புது மெஷின் வருதுல்ல சார், அதை ஓட்டப் பழகிட்டுப் பார்க்கலாம்" என்கிறான்.

வயசானவர் நிற்பார், சின்னப் பையன் ஓடிவிடுவான் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் ஆபீஸில் இன்கிரிமென்ட் முதல் பயிற்சி வரை எல்லாம் முடிவாகிறது. இந்த நம்பிக்கையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது? கொங்குப் பக்கம் வேலை பார்ப்பவர்கள், வேலை கொடுப்பவர்கள் இரண்டு தரப்பும் சொல்லுங்கள்.

மில்கேட் (சிங்காநல்லூர்)

தம்பி, நான் ஸ்பின்னிங் மில்லில் இருந்து ஓய்வு பெற்றவன், 66 வயது. "அந்தக் காலத்து ஆளுக விசுவாசம்" என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்களே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நான் பதிலியாக (பர்மனென்ட் ஆள் வராத ஷிப்டில் மட்டும் கூப்பிடும் ஆள்) இருந்தபோது ஒரே மில் வாசலில் நின்றதே கிடையாது. இந்த ஷிப்டில் கூப்பிடவில்லை என்றால் சைக்கிளை மிதித்துக்கொண்டு அடுத்த மில். ஷிப்டுக்கு நாலு காசு கூடக் கிடைக்கும் என்றால் மறுநாள் அங்கே. எங்கள் மேஸ்திரி எங்களைப் பார்த்துச் சொன்னதும் இதேதான்: "இந்தக் காலத்துப் பசங்க ஒரு எடத்துல நிக்க மாட்டீங்கடா." பர்மனென்ட் ஆன பிறகுதான் கால் நின்றது. அப்புறம் கல்யாணம், மில் லைனில் வீடு, நாளைக்கு நம்ம பையனுக்கும் இங்கேயே ஒரு வேலை ஆகும் என்ற நினைப்பு. ஒவ்வொன்றாகச் சேரச் சேர வெளியே போகும் ஆசை வற்றியது. அதை மேனேஜர் விசுவாசம் என்று கணக்கெழுதிக்கொண்டார்.

இன்னொன்று. கோவையில் முதல் மில் வந்தது 1888-ல். 1930-களில் நீலகிரிப் பைக்காராவிலிருந்து நீர்மின் கரண்ட் வந்ததும் ஊரைச் சுற்றி மில் பெருகியது. தலைமுறை தலைமுறையாக மில்லே கதி என்று இருந்த குடும்பங்கள் இங்கே உண்டு. அதே குடும்பங்கள்தான் சங்கம் வைத்து வாசலிலும் உட்கார்ந்தன. சின்னியம்பாளையத்து மில் தொழிலாளிகள் நாலு பேரைக் கோவை ஜெயிலில் தூக்கில் போட்டது 1946 ஜனவரி 8-ம் தேதி. இங்கேயே காலம் தள்ளப் போகிறவன்தான் சண்டை போடுவான். போகிறவன் சத்தமில்லாமல் போய்விடுவான். ஆகவே சண்டை போடுகிற 50 வயதுக்காரனைத் துரோகி என்று எழுதிவிடாதீர்கள்.

கீரநத்தம் பையன்

ஐயா சொன்னது சரி, ஆனால் பாதிதான். எனக்கு 27, ஐடி. இது மூன்றாவது கம்பெனி. எங்கள் அப்பாவும் மில்தான். மில்லை மூடினார்கள், செட்டில்மென்ட் பணத்துக்கு எத்தனையோ வருஷம் அலைந்தார். அந்த வீட்டில் வளர்ந்தவனிடம் போய்க் கம்பெனிப் பற்று பற்றிப் பேசினால் சிரிப்புத்தான் வரும். இது வயசுக் கோளாறு இல்லை, பார்த்துக் கற்ற பாடம். எனக்கு 50 ஆனாலும் மாறாது.

கம்பெனியிடம் நான் எதிர்பார்ப்பது மூன்றே விஷயம்: கற்றுக்கொள்ள வேலை, சந்தை விலைக்குச் சம்பளம், ராத்திரி பத்து மணிக்குப் போன் வராமல் இருப்பது. மூன்றில் இரண்டு இருந்தால் இருப்பேன்.

மில்கேட்

கல்யாணம் ஆகி, சரவணம்பட்டியில் வீட்டுக் கடன் வாங்கின பிறகு மறுபடி இதே இழையில் எழுதுங்கள் கண்ணு. நான் இருந்தால் படிக்கிறேன்.

ஓவர்லாக் அக்கா (திருப்பூர்)

சண்டை அப்புறம் போடலாம், நான் என் கதையைச் சொல்கிறேன். 47 வயது. 18-ல் பனியன் கம்பெனிக்குள் போனேன். அப்போதெல்லாம் தீபாவளி நோம்பிக்குப் போனஸ் வாங்கியதும் கம்பெனி மாறுவதுதான் எங்கள் வழக்கம். நோம்பி முடிந்து வந்து எந்தக் கம்பெனியில் பீஸ் ரேட் நல்லா இருக்கிறதோ அங்கே உட்காருவோம். பிஎஃப் பிடிப்போம் என்று சொன்னால் "வேண்டாங்க, கையில கொடுத்துடுங்க" என்று நாங்களே சண்டை போடுவோம். பிடித்த இடத்திலும், விலகியதும் முதல் வேலையாக அந்தப் பணத்தை எடுத்துவிடுவோம்.

40 தாண்டியதும் கண் மங்க ஆரம்பித்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் சாயங்காலம் ஊசி போகும் தடம் தெரியாது. ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பீஸ் ரேட்டில் இருந்தவள் ஷிப்ட் சம்பளத்துக்கு மாறினேன், இப்போது செக்கிங். சம்பளம் குறைவு. ஆனால் எனக்கு இப்போது வேண்டியது வேறு. பாத்ரூம் சுத்தமாக இருக்க வேண்டும், உட்கார ஸ்டூல் வேண்டும், பேத்திக்குக் காய்ச்சல் என்றால் அரை நாள் கேட்டதும் கொடுக்க வேண்டும், சூப்பர்வைசர் "ஏம்மா" என்று கத்தாமல் "அக்கா" என்று கூப்பிட வேண்டும். இதெல்லாம் 20 வயதில் எனக்குக் கண்ணிலேயே பட்டதில்லை.

இந்தக் கம்பெனியில் இதெல்லாம் இருக்கிறது. அதனால் இருக்கிறேன். விசுவாசமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எங்கள் முதலாளி ஒரு காலத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர், இன்னமும் துணியைத் தொட்டுப் பார்த்தே ஜிஎஸ்எம் (துணியின் கனம்) சொல்வார். அவர் இருக்கும் வரை எனக்கு பயம் இல்லை. அவர் மருமகன் வந்தால் யோசிப்பேன்.

சிறுமுதலாளி (குறிச்சி)

எல்லாரும் தொழிலாளி பக்கமே பேசினால் எப்படி. நான் ஜாப் வொர்க் செய்கிறவன், சுமார் 30 பேர். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம்.

50 தாண்டியவருக்கு நான் இன்கிரிமென்ட் குறைவாகத்தான் போடுகிறேன். காரணம் எளிது: அவர் வெளியே போக மாட்டார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருக்கிற பணத்தை ஓடிப்போகக் கூடிய 28 வயது செட்டருக்குப் போடுகிறேன். எல்லா யூனிட்டிலும் இதுதான் நடக்கிறது, வெளியே சொல்வதில்லை.

ஆனால் அதோடு கணக்கு முடியவில்லை. 2020 ஊரடங்கில் ஆர்டர் இல்லாத மாதங்களில் கடன் வாங்கிச் சம்பளம் போட்டது யாருக்கு? மகள் கல்யாணம், வீட்டுக்குக் கான்கிரீட், மனைவிக்கு ஆபரேஷன் என்று வட்டியில்லாமல் முன்பணம் வாங்கியது யார்? எல்லாம் சீனியர்கள்தான். 28 வயதுக்காரன் என்னிடம் அப்படி வருவதில்லை, அவனுக்கு ஆப்பில் கடன் கிடைக்கிறது. ஆகவே சீனியருக்குச் சம்பளத்தில் குறைத்ததை வேறு வழியில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். கணக்குப் புத்தகத்தில் வராது, அவ்வளவுதான்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

அண்ணா சொல்லும் முன்பணத்துக்கு இன்னொரு முகம் உண்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறியில் அதற்கு 'பாக்கி' என்று பெயர். பாக்கியைத் தீர்க்காமல் தறியை விட்டுப் போக முடியாது. போக வேண்டும் என்றால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி எடுக்க வேண்டும். 25 வயதில் ஓடுகிற கைக்கு அதைக் கட்ட ஆள் வரும். 50 வயதுக் கைக்கு யார் கட்டுவார்கள்? ஒரே தறிக்கூடத்தில் பல வருஷம் இருந்தார் என்பதைப் பற்றுக்குச் சான்றாகக் காட்டும் முன் பாக்கி நோட்டையும் புரட்டிப் பாருங்கள்.

கல்லூரி வாத்தியார் (பொள்ளாச்சி)

நான் மேலாண்மைப் பாடம் நடத்துகிறவன். இங்கே பேசப்படும் வேறுபாட்டை ஆய்வாளர்கள் முன்பே பிரித்து வைத்திருக்கிறார்கள். மேயர், ஆலன் என்ற இருவர் 1991-ல் எழுதிய கட்டுரையின்படி ஒருவர் நிறுவனத்தில் நீடிக்க மூன்று காரணம்: மனசாரப் பிடித்திருப்பது, விட்டால் நஷ்டம் என்பது, இவ்வளவு செய்தவரை விட்டுப் போவது முறையில்லை என்பது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே வருகைப் பதிவேடு. மில்கேட் ஐயா சொன்னது பெரும்பாலும் இரண்டாவது, விசைத்தறிப் பாக்கி இரண்டாவதிலேயே கொடுமையான வகை. சிறுமுதலாளி முன்பணம் கொடுத்து வளர்ப்பது மூன்றாவது.

அடுத்தது எதிர்பார்ப்பு. கம்பெனிக்கும் ஊழியருக்கும் நடுவே எழுதாத ஒப்பந்தம் ஒன்று ஓடுகிறது என்பதை டெனிஸ் ரூசோ 1989-ல் விரிவாக எழுதினார். அந்த ஒப்பந்தம் மீறப்பட்டதாக ஊழியர் நினைத்தால் என்ன ஆகும், அதில் வயது என்ன செய்கிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிலர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். நம்பிக்கையும் பற்றும் உடைவது இளையவர்களிடம் அதிகம். வயது கூடக் கூட அந்த அடி லேசாகிறது. ஆனால் வேலையில் உள்ள திருப்தியில் கதை தலைகீழ், அங்கே மூத்தவர்களுக்குத்தான் பலத்த அடி. அதாவது மூத்தவர் கம்பெனியை வெறுத்துவிட மாட்டார், வேலை மட்டும் கசந்துபோகும். ஆபீஸ் அறையிலிருந்து பார்த்தால் அவர் விசுவாசியாகத்தான் தெரிவார். நொய்யல்காரன் சாரின் டர்னர் விஷயத்தில் ஏதாவது மீறல் நடந்ததா?

வயதானால் ஏன் இப்படி என்பதற்கு லாரா கார்ஸ்டென்சன் சொல்லும் விளக்கம் எனக்குப் பிடிக்கும். முன்னால் இருக்கும் காலம் நீளம் என்று நினைப்பவர் புது அறிவையும் புது ஆட்களையும் தேடுவார். குறுகிவிட்டது என்று நினைப்பவர் மனசுக்கு நிறைவு தருவதைப் பிடித்துக்கொள்வார். பிறந்த தேதியை விட, மீதி இருப்பதாக நினைக்கும் காலம்தான் இதில் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மேல்நாட்டு ஆபீஸ்களில் செய்தவை. பீஸ் ரேட்டும் வாரச் சம்பளமும் அவர்கள் கணக்கில் அவ்வளவாக இல்லை. தவிர, ஒரே நாளில் 25 வயதுக்காரரையும் 55 வயதுக்காரரையும் கேட்டு ஒப்பிட்டால், வித்தியாசம் வயதால் வந்ததா தலைமுறையால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அதனால் கீரநத்தம் தம்பிக்கும் மில்கேட் ஐயாவுக்கும் உள்ள வழக்கு இன்னும் முடியவில்லை.

நொய்யல்காரன்

நடந்தது, சார். பணிக்கொடை செட்டில்மென்டுக்கு அவர் வந்தபோதுதான் முழுசாகத் தெரிந்தது. வண்டியில் பட்டறை வரை கொண்டுவிட்டேன், வழியில் டீ சாப்பிடும்போது சொன்னார்.

அவர் ஷாஃப்ட் கடைந்து முடித்தால் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, முனையில் நீலச் சாக்பீஸால் ஒரு டிக் போடுவார். அந்த டிக் இருந்தால் பெரிய முதலாளி காலத்தில் அசெம்பிளியில் மறுபடி அளக்க மாட்டார்கள். மகன் பொறுப்புக்கு வந்ததும் தரக் கட்டுப்பாட்டுக்குத் தனி ஆள் போட்டார், சாக்பீஸ் கூடாது, ஸ்டிக்கர்தான் என்று முடிவானது. ஏற்றுமதி ஆர்டருக்கு அது தேவைதான், அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் யாரும் சொல்லவில்லை. பழைய பழக்கத்தில் அவர் டிக் போட, புதுப் பையன் வந்து பனியன் வேஸ்டால் அதைத் துடைத்துவிட்டு அளந்து ஸ்டிக்கர் ஒட்ட, இப்படியே கொஞ்ச நாள் ஓடியிருக்கிறது. அப்ரண்டிஸ் பசங்கள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

"சம்பளம் கம்மின்னா கேட்டிருப்பேனுங்க. இதை என்னன்னு போய்க் கேக்கறது?" என்றார்.

பட்டறையில் இப்போது அவர்தான் கடைசியாகப் பார்த்துச் சரி என்று அனுப்புகிறவர்.

சிறுமுதலாளி

மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிக்கை நம்பி வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்ப முடியாதுங்க. அந்தப் பையன் செய்தது சரி.

ஓவர்லாக் அக்கா

துடைத்தது சரி, சொல்லாமல் துடைத்தது சரியா? அந்த ஸ்டிக்கர் கட்டை அவர் கையிலேயே கொடுத்து, "அண்ணா, இனிமேல் இதை நீங்க ஒட்டுங்க, பையன் சாம்பிள் மட்டும் பார்ப்பான்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

கீரநத்தம் பையன்

இந்த இடத்தில் அக்கா கட்சிதான் நான். ஆனால் ஒரு சந்தேகம். 26 வருஷம் இருந்தவர் ஒரு சாக்பீஸுக்காகப் போகிறார் என்றால் அவருக்கும் கம்பெனிக்கும் நடுவே வேறு ஒன்றுமே இல்லையா? பென்ஷன், பணிக்கொடை என்று ஏதோ பிடித்து வைத்திருக்க வேண்டுமே. பெரியவர்கள் அதற்காகத்தானே இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பவானி ஆடிட் ஆபீஸ்

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கணக்குப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கணக்கைப் போட்டால் சட்டம் எந்த வயதில் ஆளைப் பிடித்து வைக்கிறது, எந்த வயதில் விட்டுவிடுகிறது என்று தெரியும்.

பணிக்கொடை: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, அதில் 26-ல் 15 பங்கு, பெருக்கல் சர்வீஸ் வருஷம். 26 வருஷம் என்றால் நேராக 15 மாதச் சம்பளம். அடிப்படை 20,000 என்றால் 3 லட்சம். உச்சவரம்பு 20 லட்சம், நம் பட்டறைகளில் யாரும் அதைத் தொடப் போவதில்லை. வழக்கமான கணக்கில் 5 வருஷம் முடிந்தால் உரிமை வந்துவிடும், அதன் பிறகு விட்டுப் போனாலும் பணம் கைக்கு வரும். ஆகவே அது 4 வருஷம் முடித்தவனைப் பிடித்து வைக்கும், 26 வருஷம் முடித்தவரை வைக்காது.

பென்ஷன் (பிஎஃப்-ஓடு சேர்ந்து வருவது): மொத்தம் 10 வருஷ சர்வீஸ் இருந்தால் 58-ல் மாத ஓய்வூதியம். கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் கூரை 15,000 என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். 20 வருஷம் முடித்தவருக்கு 2 வருஷம் போனஸாகச் சேரும். சம்பளம் பெருக்கல் சர்வீஸ் வகுத்தல் 70 என்பதுதான் சூத்திரம்: 15,000 பெருக்கல் 22 வகுத்தல் 70, மாதம் சுமார் 4,714 ரூபாய். 2014-க்கு முந்தைய சர்வீஸுக்குக் கூரை 6,500 என்பதால் பழைய ஆட்களுக்கு இன்னும் குறையும். இதை நம்பி 52 வயதில் ஒருவர் அவமானத்தைச் சகித்துக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது பேராசை.

உண்மையில் சீனியர்களைப் பிடித்து வைப்பது இஎஸ்ஐ. இதை ஐடி தம்பிகள் அறிய மாட்டார்கள். மாதச் சம்பளம் 21,000 தாண்டினால் இஎஸ்ஐ போய்விடும். 28 வயதுக்காரன் தாண்டினால் ஸ்வீட் வாங்கிக் கொடுப்பான். 50 வயதுக்காரர் என்னிடம் வந்து, "இந்தத் தடவை ஏத்த வேண்டாம்னு முதலாளிகிட்ட சொல்லுங்க" என்பார். மனைவிக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு டயாலிசிஸ், சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில்தான் எல்லாம். ஆயிரம் ரூபாய் உயர்வை வாங்கினால் மருந்துச் செலவு அதைப் போல் பல மடங்கு. 5 வருஷமாவது இஎஸ்ஐ-யில் இருந்து ஓய்வு வயதில் வெளியே வருகிறவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் மனைவிக்கும் அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். முதலாளிகள் இதைப் பார்த்து, "பாருங்க, உயர்வே கேட்காத மனுஷன்" என்று மேடையில் சால்வை போடுகிறார்கள்.

சிறுமுதலாளி

போன வருஷம் நானும் ஒருவருக்கு அப்படிச் சால்வை போட்டேன். சரி, அதை விடுங்கள்.

நொய்யல்காரன்

இதையெல்லாம் வைத்து எங்கள் எம்டியிடம் பேசப் போகிறேன். 50-க்கு மேல் இருப்பவர்களிடம் புது முறை எதையும் தனியாகக் கூப்பிட்டு முன்கூட்டியே சொல்வது, அதை நடத்தும் பொறுப்பில் ஒரு பங்கை அவர்களிடமே கொடுப்பது. சிஎன்சி பையன் விஷயமும் சொல்ல வேண்டும்: புது மெஷின் பழகி முடித்ததும் அடுத்ததாக என்ன பழகலாம் என்று அவனிடம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவனும் போவான். பிறகு 58 முடிந்தவர்களை அரை நாள் வேலைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்க வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கப் போகிறேன். பவுண்டரியில் மோல்டிங் முழுக்க இப்போது பீகார், ஒடிசாப் பசங்கள்தான், சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

மில்கேட்

அரை நாள் என்று சொல்லிவிட்டு முழு நாள் உட்கார வைக்காமல் இருந்தால் வருவார்கள். வீட்டில் உட்கார்ந்தால் வெசனம்தான். ஆனால் பழைய ஆட்களை அழைக்கும்போது எந்தச் சம்பளத்தில் விட்டார்களோ அதற்கு விகிதம் போட்டுக் கொடுங்கள். "சும்மா இருக்கிறதுக்கு வாங்களேன்" என்று கூப்பிட்டார்கள் என்னை ஒரு இடத்தில். போகவில்லை.

ஓவர்லாக் அக்கா

பவானி சார், ஒன்று கேட்க வேண்டும். நான் பழைய கம்பெனிகளில் பிஎஃப் எல்லாம் எடுத்துவிட்டேன். இந்தக் கம்பெனியில் 6 வருஷம்தான் ஆகிறது. எனக்குப் பென்ஷன் வருமா?

பவானி ஆடிட் ஆபீஸ்

எடுக்கும்போது பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்திருந்தால் அந்த சர்வீஸ் போனது போனதுதான் அக்கா. ஏதாவது ஒரு கம்பெனியில் பிஎஃப் பணத்தை மட்டும் எடுத்து, பென்ஷனை விட்டிருக்கலாம். பழைய கணக்கு எண் கிடைத்தால் அதை இதோடு சேர்க்க முடியும், பாஸ்புக்கைப் பாருங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் உங்களுக்கு 47தான், இன்னும் 4 வருஷம் தொடர்ந்து பிஎஃப் கட்டினால் 10 ஆகிவிடும். நடுவில் மாறினாலும் பரவாயில்லை, பணத்தை மட்டும் எடுக்காமல் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், பிஎஃப்-ல் இருக்கும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே சரிபாருங்கள். பிறந்த தேதிக்கான சான்றுப் பட்டியலிலிருந்து ஆதார் கார்டை 2024 ஜனவரியில் பிஎஃப் ஆபீஸ் எடுத்துவிட்டது. 58-ல் போய் நின்றால் அலைய விடுவார்கள்.

ஓவர்லாக் அக்கா

சான்றிதழ் அம்மா வீட்டில் இருக்கிறது, காங்கேயத்தில். ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்து வருகிறேன்.